எபிங்ஹவுஸ்: மறதியை அளந்தவர்

வாரத்தில் ஐந்து நாள் மென்பொருள் எழுதுகிறேன். சனிக்கிழமை காலை மட்டும் ண, ந, ன. எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கம் நடத்தும் வார இறுதி வகுப்பில் நானும் ஒரு தொண்டர் ஆசிரியன். இங்கே ஜெர்மனியில் கோடை விடுமுறை ஆறு வாரங்களுக்கு நீளும். அது முடிந்து வரும் முதல் சனிக்கிழமையை எண்ணினாலே எங்கள் ஆசிரியர்களுக்குச் சோர்வு தட்டும். ஜூனில் தடையில்லாமல் வாசித்த குழந்தை, ஆகஸ்டு கடைசியில் 'ழ'வைப் பார்த்து விழிக்கும்.

அப்படி ஒரு சனிக்கிழமையில் ஒரு குழந்தையின் அம்மா என்னிடம் வந்தார். ஒரு வருடம் படித்ததெல்லாம் போய்விட்டது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அலுத்துப்போய்த்தான் கேட்டார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மறந்தது என்றால் முழுக்கப் போய்விட்டது என்று பொருளா? போனது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு? இதை எண்களில் முதலில் சொன்ன மனிதர், நான் இருக்கும் டுஸ்ஸல்டார்ஃப் நகரிலிருந்து ரயிலில் அரை மணித் தொலைவில் பிறந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் பெயர் ஹெர்மன் எபிங்ஹவுஸ்.

1850 ஜனவரி 24 அன்று பார்மன் என்ற ஊரில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தார். நெசவும் சாயமும் நிறைந்திருந்த அந்தத் தொழில் நகரம் இன்று வுப்பர்டால் நகரின் ஒரு பகுதி. ஆற்றுக்கு மேலே தொங்கியபடி ஓடும் 1901ஆம் ஆண்டு ரயிலைப் பார்க்க வருபவர்கள் பார்மனையும் கடந்துதான் போவார்கள். ஊரின் புகழ்பெற்ற பிள்ளை யார் என்று கேட்டால் ஃப்ரெடரிக் எங்கெல்ஸ் என்பார்கள். அவர் அங்கே பிறந்தவர், சீனா அன்பளித்த பெரிய சிலையாக 2014லிருந்து நிற்பவர். எபிங்ஹவுஸைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. நானும் எங்கெல்ஸைப் பார்க்கத்தான் முதலில் போனேன்.

பதினேழு வயதில் பான் பல்கலைக்கழகத்தில் வரலாறும் மொழியியலும் படிக்கச் சேர்ந்தார். அந்தக் கால வழக்கப்படி ஹாலே, பெர்லின் என்று ஊர் மாறிப் படித்தார். மெல்ல மெல்லத் தத்துவத்தின் பக்கம் சாய்ந்தார். 1870ல் பிரான்சுடன் போர் மூண்டபோது பிரஷ்யப் படையில் சேர்ந்தார். திரும்பி வந்து 1873ல், 23 வயதில், பானில் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வேட்டின் பொருள் ஹார்ட்மன் என்பவர் எழுதிய நனவிலி பற்றிய தத்துவம். அளவுகோலுக்கும் கடிகாரத்துக்கும் அங்கே எந்த வேலையும் இல்லை. பட்டம் இருந்தது, பதவி இல்லை. அடுத்த சில ஆண்டுகள் இங்கிலாந்திலும் பிரான்சிலும் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். முனைவர் பட்டம் முடித்து வேலைக்காக அலைந்த அனுபவம் உள்ள வாசகர்களுக்கு இந்தக் கட்டத்தை விளக்க வேண்டியதில்லை.

அந்த நாட்களில்தான் ஒரு பழைய புத்தகக் கடையில் குஸ்டாவ் ஃபெக்னர் 1860ல் வெளியிட்ட உளஇயற்பியல் நூல் அவர் கைக்குக் கிடைத்தது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஃபெக்னர் இயற்பியல் அறிந்தவர். கையில் இருக்கும் எடையைக் கூட்டினால் அந்த வித்தியாசம் எப்போது உணரப்படுகிறது, ஒளி எவ்வளவு கூடினால் கண் அதைக் கண்டுகொள்கிறது என்றெல்லாம் அளந்து, புலனுணர்ச்சிக்கு மடக்கைக் கணக்கில் ஒரு விதி சொன்னவர். எபிங்ஹவுஸுக்கு அடுத்த கேள்வி எழுந்தது. உணர்ச்சியை அளக்க முடியுமென்றால் நினைவை ஏன் அளக்கக் கூடாது?

இன்று இது சாதாரணக் கேள்வியாகத் தோன்றும். அன்று அப்படியில்லை. 1879ல் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கான ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். அவரே நினைவு, சிந்தனை போன்ற உயர்நிலைச் செயல்களைச் சோதனைக்கு உட்படுத்த முடியாது என்ற கருத்துடையவர். அதே 1879ல் எபிங்ஹவுஸ் தன் அளவீட்டைத் தொடங்கினார். ஆய்வுக்கூடம் இல்லை, உதவியாளர் இல்லை, மானியம் இல்லை. சோதனைக்கு உட்படும் ஆளும் அவரே, சோதிப்பவரும் அவரே.

எங்கள் தொழிலில் ஒரு நிரலின் வேகத்தை அளக்க வேண்டுமென்றால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவைத்து, ஒரே மாதிரியான உள்ளீட்டைக் கொடுத்து ஓட்டுவோம். எபிங்ஹவுஸ் செய்ததும் அதுதான். கவிதையை மனப்பாடம் செய்து அளந்தால் ஒரு வரி பிடித்திருக்கும், இன்னொரு வரி எதையாவது ஞாபகப்படுத்தும், அளவு கெட்டுப்போகும். ஆகவே பொருள் தொடர்பில்லாத அசைகளை உருவாக்கினார். ஒரு மெய், ஓர் உயிர், மறுபடி ஒரு மெய். நம் எழுத்தில் சொன்னால் ஓர் உயிர்மெய்யும் ஓர் ஒற்றும்: ஸாட், போக், கெஃப் என்பதுபோல. நம் யாப்பிலக்கணக் கணக்கில் எல்லாமே நேரசை. இப்படிச் சுமார் 2300 அசைகளைச் செய்து, கலைத்துப்போட்டு, குருட்டாம்போக்கில் எடுத்து வரிசைகளாகக் கோத்தார்.

பிறகு விதிகள். நிமிடத்துக்கு 150 அசை என்ற ஒரே வேகத்தில் படிக்க வேண்டும். இதற்குத் தாளமானியும், பின்னர் கடிகாரத்தின் டிக்டிக் ஓசையும் உதவின. ஒரு வரிசையை ஒரு தவறும் இல்லாமல் ஒப்பிக்கும்வரை திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். ஆன நேரத்தைக் குறிக்க வேண்டும். 15 விநாடி இடைவெளி, அடுத்த வரிசை. அசைகளைக் கதையாகக் கோத்து நினைவில் வைக்கும் தந்திரங்கள் கூடாது. சோதனை நடக்கும் காலத்தில் அன்றாட வாழ்க்கையையும் கூடியவரை ஒரே ஒழுங்கில் வைத்துக்கொண்டார். மாலையில் படித்தால் காலையைவிட மெதுவாகிறது என்று கண்டு அதற்கும் கணக்கில் திருத்தம் செய்தார்.

இப்படிப் படித்ததில் முதலில் தெரிந்தது நினைவின் கொள்ளளவு. ஏழு அசை வரை ஒருமுறை படித்தாலே ஒப்பிக்க முடிந்தது. பன்னிரண்டு அசை என்றால் சராசரியாக 16.6 முறை. 24 அசைக்கு 44 முறை, 36 அசைக்கு 55 முறை. ஒப்பீட்டுக்காக பைரனின் டான் ஜுவான் காவியத்திலிருந்து சில பத்திகளையும் மனப்பாடம் செய்தார். ஒரு பத்தியில் சுமார் 80 அசைகள். அதற்கு ஒன்பது முறை போதுமாயிருந்தது. பொருளில்லாத 80 அசைகளுக்கு எழுபது, எண்பது முறை வேண்டியிருக்கும் என்பது அவர் கணக்கு. பொருள் புரிந்து படித்தால் உழைப்பு பத்தில் ஒரு பங்காகிறது. பொருள் சொல்லாமல் செய்யுளை உருப்போடச் சொன்ன வகுப்பறைகள் என் நினைவுக்கு வந்தன.

அடுத்தது மறதி. இங்கேதான் அவருடைய மேதைமை இருக்கிறது என்று நினைக்கிறேன். நேற்றுப் படித்ததில் எத்தனை நினைவிருக்கிறது என்று அவர் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் பல நாட்களில் விடை பூஜ்யமாகவே இருந்திருக்கும். அதற்குப் பதில் அதே வரிசையை மறுபடி படித்து, பிழையின்றி ஒப்பிக்க இரண்டாம் முறை எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். முதல்முறைக்கும் இரண்டாம் முறைக்கும் உள்ள வித்தியாசம் மிச்சம். முதல்நாள் இருபது நிமிடம் ஆனது, மறுநாள் பதின்மூன்றே கால் நிமிடத்தில் முடிந்தது என்றால், மூன்றில் ஒரு பங்கு மிச்சம். அந்த மிச்சம், உள்ளே ஏதோ இருந்ததற்கான சாட்சி. மனதில் ஒன்றுமே தோன்றாதபோதும் அது இருக்கலாம்.

பெரும்பாலும் பதின்மூன்று அசை கொண்ட எட்டு வரிசைகள் ஒரு சோதனை. அதைப் படிக்கவும், குறித்த இடைவெளி விட்டு மறுபடி படிக்கவும் வேண்டும். இப்படி 163 சோதனைகள். கூட்டிப் பார்த்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிசைகள், ஒவ்வொன்றும் இரண்டு தடவை. அதில் கிடைத்த மிச்சங்கள் இவை: சுமார் இருபது நிமிடம் கழித்து 58.2 விழுக்காடு, ஒரு மணி நேரத்தில் 44.2, ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று முன்பாக 35.8, ஒரு நாளில் 33.7, இரண்டு நாளில் 27.8, ஆறு நாளில் 25.4, முப்பத்தொரு நாளில் 21.1.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பதினான்கு புள்ளி சரிகிறது. ஆனால் இரண்டாம் நாளிலிருந்து முப்பத்தொன்றாம் நாள்வரை, கிட்டத்தட்ட ஒரு மாதத்தில், ஏழு புள்ளிகூடச் சரியவில்லை. மறதி முதலில் ஓடுகிறது, பிறகு நடக்கிறது, கடைசியில் தவழ்கிறது. ஃபெக்னரைப் போலவே இவரும் நேரத்தின் மடக்கையை வைத்து இதற்கு ஒரு சூத்திரம் எழுதினார்.

ஒன்பது மணி நேரத்துக்கும் ஒரு நாளுக்கும் இடையே சரிவு ஏறக்குறைய நின்றுபோனதை அவரும் கவனித்தார். அந்த இடைவெளியில் ஓர் இரவுத் தூக்கம் இருந்தது. அளவீட்டுப் பிழையாக இருக்கலாம் என்று எண்ணி அவர் அதைத் தொடரவில்லை. தூக்கம் நினைவைக் காக்கிறதா என்ற ஆராய்ச்சி 1924ல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவரால்தான் முறையாகத் தொடங்கியது. 2015ல் ஆம்ஸ்டர்டாமில் யாப் முர்ரே, யோரி ட்ரோஸ் இருவரும் எபிங்ஹவுஸின் சோதனையை அவர் முறையிலேயே திரும்பச் செய்தார்கள். ட்ரோஸ்தான் அசைகளை உருப்போட்டவர். வளைவு பெரும்பாலும் அப்படியே வந்தது. ஒரு நாள் என்ற இடத்தில் அதே மேடும் தெரிந்தது. பிழை என்று அவர் ஒதுக்கியது பிழையாக இல்லாமல் இருக்கலாம். கையிலிருந்த எண்ணை மறைக்காமல் அச்சிட்டதால்தான் 130 ஆண்டுகள் கழித்து இதைச் சொல்ல முடிகிறது.

முதல் சுற்று 1880ல் முடிந்தது. அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கொண்டு பெர்லின் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்தும் தகுதி பெற்றார். பெரும் விஞ்ஞானியான ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதைப் பரிசீலித்தவர்களில் ஒருவர். உடனே புத்தகமாக்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1883-84ல் மறுபடி உட்கார்ந்து அசைகளைப் படித்துத் தன் முடிவுகளைத் தானே சரிபார்த்தார். 1885ல்தான் நினைவு பற்றிய அந்தச் சிறு நூல் வெளிவந்தது. அதே ஆண்டு அவர் மகன் யூலியுஸ் பிறந்தார். அவர் பிற்காலத்தில் அறியப்பட்ட தத்துவப் பேராசிரியர்.

எனக்கு அந்த நூலில் மிகவும் பயன்பட்டது வேறொரு சோதனை. பன்னிரண்டு அசை வரிசையை ஒரே நாளில் 68 முறை தொடர்ந்து படித்து மறுநாள் மீண்டும் படித்துப் பார்த்தார். இன்னொரு சமயம், படிப்பதை மூன்று நாட்களுக்குப் பிரித்துக்கொண்டார். மொத்தம் 38 முறைதான். இரண்டின் பலனும் ஏறக்குறைய ஒன்றே. அதாவது நாட்களைப் பிரித்தால் பாதிக்குச் சற்று அதிகமான உழைப்பே போதும். தினமும் ஒருமுறை பிழையின்றி ஒப்பிக்கும்வரை படித்துப் பார்த்தபோது, முதல்நாள் 16.5 முறை தேவைப்பட்டது 11, 7.5, 5, 3 என்று குறைந்து ஆறாம் நாள் 2.5 ஆனது.

இது எனக்கு நேரடியாக உறைத்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஜெர்மன் மொழித் தேர்வு ஒன்றுக்கு, மூன்று இரவுகள் கண்விழித்து ஆயிரம் சொற்களை உருப்போட்டேன். பொறியியலில் முதுநிலைப் படிப்பை அப்படித்தான் முடித்திருந்தேன், அதனால் துணிச்சல். தேர்வில் தோற்றேன். ஒரு மாதம் கழித்து அந்தச் சொற்களில் பெரும்பாலானவை அறிமுகமில்லாத முகங்களாக இருந்தன. இரண்டாம் முறை செல்பேசியில் ஆங்கி என்ற மென்பொருளைப் போட்டுக்கொண்டு தினமும் ரயிலில் இருபது நிமிடம் படித்துத் தேறினேன். ஒவ்வொரு சொல்லும் எந்த நாளில் மறுபடி வர வேண்டும் என்று அது எப்படி முடிவு செய்கிறது என்ற தொழில்முறை ஆர்வத்தில் அதன் மூலநிரலைத் திறந்தேன்.

உள்ளே ஒரு வம்சாவளி இருந்தது. டேமியன் எல்ம்ஸ் 2006ல் ஆங்கியை வெளியிட்டபோது எடுத்துக்கொண்ட கணக்கு, போலந்துக்காரரான பியோத்ர் வோஸ்னியாக் 1987ல் எழுதிய சூப்பர்மெமோ நிரலினுடையது. எளிய கணக்குதான். ஒரு நாள் கழித்து ஒருமுறை, பிறகு ஆறு நாள் கழித்து ஒருமுறை. அதன்பின் ஒவ்வொரு இடைவெளியும் முந்தையதைப்போல் இரண்டரை மடங்கு: 15 நாள், 38 நாள், மூன்று மாதம் என்று. தடுமாறினால் பெருக்கும் எண் குறையும். மறந்தேபோனால் மறுபடி ஒரு நாளிலிருந்து தொடங்கும். அதற்கும் முன்னால், 1972ல், செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் இதையே காகித அட்டைகளையும் ஒரு பெட்டியின் அறைகளையும் வைத்துச் செய்யச் சொன்னார். 2023ல் ஆங்கியில் சேர்ந்த புதிய முறை, நீங்கள் இந்த அட்டையை இன்று நினைவுகூர்வதற்கான நிகழ்தகவு என்ன என்று ஒவ்வொரு அட்டைக்கும் கணித்து, அது 90 விழுக்காட்டுக்கு இறங்கும் நாளில் கேள்வியை அனுப்புகிறது. மறதி ஒரு வளைவில் போகிறது, அதைக் கணிக்க முடியும் என்ற நம்பிக்கைதான் இவற்றுக்கெல்லாம் அடித்தளம். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது 1885ன் சிறு நூல்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்று பயிற்சி வகுப்புகளிலும் அலுவலக விளக்கப்படங்களிலும் எபிங்ஹவுஸ் பெயரில் ஒரு படம் காட்டுவார்கள். ஒரு நாளில் எழுபது விழுக்காடு மறந்துவிடும் என்று அதில் இருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. அவர் அளந்தது மிஞ்சிய உழைப்பை. அதுவும் ஒரே ஒருவரின், பொருளற்ற அசைகளில். இந்தந்த நாளில் திருப்பிப் படியுங்கள் என்ற அட்டவணையும் அவர் போட்டதல்ல. மிச்சத்தை அளந்தவரை இழப்பைச் சொன்னவராக்கிவிட்டோம்.

மீதி வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1886ல் பெர்லினில் துணைநிலைப் பேராசிரியரானார். 1890ல் இயற்பியலாளர் ஆர்தர் கேனிக்குடன் சேர்ந்து உளவியலுக்கும் புலன்களின் உடலியலுக்குமான ஆய்விதழைத் தொடங்கினார். அதில் வேறுபட்ட கருத்துடையவர்களுக்கும் இடம் இருந்தது. 1894ல் பெர்லினின் முதன்மைப் பேராசிரியர் பதவி காலியாயிற்று. அது அவருக்குக் கிடைக்கவில்லை, கார்ல் ஷ்டும்ஃபுக்குப் போனது. எபிங்ஹவுஸ் குறைவாகவே எழுதியிருந்தார் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. ஒரு முடிவை நான்கு வருடம் கழித்து மறுபடி சரிபார்ப்பவர் எண்ணிக்கையில் குறைவாகத்தானே எழுத முடியும்? மனத்தை விளக்க இயற்கை அறிவியலின் வழி உதவாது என்று அதே ஆண்டு தத்துவஞானி டில்தாய் ஒரு கட்டுரை எழுதினார். அதற்குக் கடுமையான மறுப்பு எழுதியவர் எபிங்ஹவுஸ்.

பெர்லினை விட்டு பிரெஸ்லௌவுக்குப் போனார். இன்று அது போலந்தின் வ்ரொட்ஸ்வாஃப். அங்கே ஒரு நடைமுறைக் கேள்வி வந்தது. காலையில் தொடர்ந்து ஐந்து மணி நேரம் பள்ளி நடத்தினால் குழந்தைகள் களைத்துப்போகிறார்களா? அதை அறிய அவர் செய்த சோதனைகளில் ஒன்று, இடையிடையே எழுத்துகளும் சொற்களும் விடுபட்ட ஒரு பத்தியைக் கொடுத்து நிரப்பச் சொல்வது. 1897ல் முடிவுகளை வெளியிட்டார். களைப்பைக் காட்டியதைவிட அது மாணவரின் பள்ளித்தேர்ச்சியோடு நன்றாகப் பொருந்தியது. பின்னர் ஆல்ஃப்ரெட் பினேயின் அறிவுத்திறன் சோதனையில் இந்த முறை இடம்பெற்றது. கோடிட்ட இடங்களை நிரப்புக என்று தேர்வுத்தாளில் பார்த்தபோதெல்லாம் அதற்குப் பின்னால் இப்படி ஓர் ஆராய்ச்சியும் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

1905ல் ஹாலே பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1908ல் வெளியிட்ட உளவியல் சுருக்கம் பரவலாகப் படிக்கப்பட்டது. பெரிய பாடநூலின் இரண்டாம் பகுதி எழுதி முடியாமலே, 1909 பிப்ரவரி 26 அன்று நிமோனியாவில் இறந்தார். 59 வயது. இளமையில் மனப்பாடம் செய்த பைரனின் பத்திகளை இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவர் மறுபடி படித்துப் பார்த்திருக்கிறார். ஒரு வரிகூட நினைவில் இல்லாதவை. ஆனால் புதிய பத்திகளைவிடச் சற்று விரைவாகவே திரும்ப வந்தன. இருபது ஆண்டுக்குப் பின்னும் கொஞ்சம் மிச்சம்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். குழந்தையை நிற்கவைத்து என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்காதீர்கள், மறுபடி சொல்லிக்கொடுத்து எத்தனை நாளில் வருகிறது என்று பாருங்கள். எழுத்துகள் பொருளற்ற அசைகள் அல்ல, எபிங்ஹவுஸின் எண்களை ஒரு குழந்தைக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதையும் சொன்னேன். முந்தைய ஆண்டு மாசக்கணக்கில் பிடித்த எழுத்துகள் தீபாவளிக்கு முன்பே திரும்பிவிட்டன. குழந்தை இன்னும் வகுப்புக்கு வருகிறாள்.

இந்தக் கோடைக்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒவ்வொரு குழந்தையும் பத்து அட்டைகள் வீட்டுக்கு எடுத்துப்போகும். முதல் நாள், அடுத்து ஆறு நாள் கழித்து, அதன்பின் பதினைந்து நாள் கழித்து ஊரிலிருக்கும் பாட்டியோ தாத்தாவோ தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பாட்டிகளுக்குத் தேதிகளை எழுதி அனுப்பியாயிற்று. அவர்கள் மறந்துவிடாமல் நினைவூட்ட வேண்டிய பொறுப்பு மட்டும் என் தலையில் விழுந்திருக்கிறது.